இரவல் மணிக்கட்டு

எங்கள் அடுக்ககத்தில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதை மோப்பத்திலேயே சொல்லிவிடுவேன் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். குழம்புக்கு எதற்கு மூக்கு? நேரே கேட்டால் சொல்லிவிடுவார்கள், பாதிப் பேர் கிண்ணத்தில் கொடுத்தும் அனுப்புவார்கள். மூக்கு வேண்டியிருப்பது மற்ற விஷயங்களுக்கு.

சுவைஞர் வந்த பிறகு அந்த மற்ற விஷயங்களுக்குத்தான் உறையூர் முழுக்கப் பஞ்சம்.

சுவைஞர் ஆள் இல்லை. சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி, கூடவே மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை. பட்டை நாடியைப் பார்க்கும், வியர்வையைப் பார்க்கும், முந்தின ராத்திரி எவ்வளவு புரண்டு படுத்தோம் என்பதையும் பார்த்து வைத்துக்கொள்ளும். விளக்கேற்றும் நேரம் ஆனதும் பெட்டி, "இன்று உங்களுக்கு இது" என்று ஒரு படத்தையோ புத்தகத்தையோ எடுத்து நீட்டும். தப்பவே தப்பாது என்றார்கள். எதைப் பார்ப்பது, எதைப் படிப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பார்த்து முடித்தவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்தவர்கள் மாதிரி மினுமினுவென்று வெளியே வந்தார்கள்.

எல்லாம் சரி, பேச்சு செத்துப்போனது. முன்பெல்லாம் ஒரு படத்தை ஊரே பார்க்கும். மறுநாள் லிஃப்டில் ஏறினால் இறங்குவதற்குள் இரண்டு கட்சியாகி விடுவோம். இப்போது புருஷனுக்கு ஒரு படம், பெண்டாட்டிக்கு வேறு படம். "நேத்து என்ன பார்த்தே?" என்று கேட்டால் "எனக்கு வந்ததைப் பார்த்தேன் அக்கா" என்கிறார்கள். இதற்கு மேல் ஒரு மனுஷி எப்படிப் பேச்சை வளர்ப்பாள்?

ஆனால் ஒருவருக்கு என்ன வருகிறது என்பதை வைத்து ஆளையே எடைபோட்டு விடலாம் என்று கல்யாணத் தரகர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த மூளை எனக்கு முதலில் வராமல் போனதே என்று இன்றும் வருத்தம் உண்டு. ஜாதகத்தோடு ரசனைப் பொருத்தமும் பார்க்கத் தொடங்கினார்கள். துப்பறியும் கதையாக வருகிறதா, பெண் சந்தேகப் பேர்வழி. கடற்கரைப் பாட்டாக வருகிறதா, பையன் வேலைக்குப் போக மாட்டான். இப்படித் தரகர்கள் சொல்ல, ஊர் தலையாட்டியது.

இரண்டாம் மாடி தினேஷ்பாபு ஒருநாள் வெயில் தாழ்ந்த வேளையில் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தது அதனால்தான். தினேஷ்பாபு வந்தால் காபி ஆறிப்போகும், அவ்வளவு பேசுவார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவள் பங்குக்கும் சேர்த்து அவரே பேசுகிறார். அன்றைக்கு மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தார்.

"சௌம்யாக்கா, நம்ம முகைக்குக் கரூர்லேர்ந்து ஒரு இடம் வந்திருக்கு."

நறுமுகை அவருடைய ஒரே பெண். காவிரித் தண்ணீரைச் சோதிக்கிற கூடத்தில் வேலை.

"தெரியுமே. பையன் பேரு அகரன். பாலம் பரிசோதிக்கிற இன்ஜினீயர். போன மாசம் மெயின்கார்டு கேட் பக்கம் ரெண்டும் ஜிகர்தண்டா குடிச்சிட்டு நின்னுதுங்க."

"குடிச்சாங்களா?" அவர் முகம் ஒரு நொடி மலர்ந்து உடனே சுருங்கியது. "பையனைப் புடிச்சிருக்கு போல அக்கா. ஆனா இந்த ரசனை இருக்கே, அதுதான் உதைக்குது. ஒரு வருஷமா சுவைஞர் இவளுக்கு என்ன குடுக்குது தெரியுமா? தனியாத் தீவுல இருக்கிற பொம்பளை. தனியா மலையில இருக்கிற பொம்பளை. கலங்கரை விளக்கத்துல தனியா ஒருத்தி. அதுல வசனமே கிடையாதாம், காத்து மட்டும் அடிக்குதாம். இதைப் பார்த்தா கரூர்க்காரங்க என்ன நினைப்பாங்க? குடும்பத்துக்கு ஆகாத பொண்ணுன்னு போய்டுவாங்க."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

அவர் சட்டைப் பையிலிருந்து மகளின் பட்டையையும் பெட்டியையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கொஞ்ச நாளைக்கு நீங்க கட்டிக்குங்க. நம்ம பில்டிங்லயே கவலை இல்லாத ஆள் நீங்கதான்."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எங்கள் அம்மா காலத்தில் ஜாதகத்தில் செவ்வாயை ஒரு கட்டம் தள்ளி உட்கார வைப்பார்கள். இவர் மணிக்கட்டையே தள்ளி உட்கார வைக்கிறார். ஒத்துக்கொண்டேன். அதுவரை சுவைஞர் என்ற சங்கதி என் வீட்டு வாசலை மிதித்ததில்லை. ஊர் நாடியை நான் பார்ப்பது போதாதென்று என் நாடியை ஒரு டப்பா பார்க்க வேண்டுமா என்று இருந்தவள் நான்.

ஆடியில் கட்டினேன். முதல் நாளே ஒரு கல்யாண வீட்டுப் படம் வந்தது. பந்தியில் சண்டை, சம்பந்திக்குள் சண்டை, சமையல்காரனுக்கும் மேளக்காரனுக்கும் சண்டை, கடைசியில் எல்லோரும் ஒரே வேனில் ஏறிப் போனார்கள். மறுநாள் ஒரு புத்தகம். ஒரே வீட்டில் நாலு மருமகள்கள். அதற்கு மறுநாள் ஒரு தெருவே சேர்ந்து கிணறு தூர்வாரும் கதை. என் மகன் இருப்பது வேறு கண்டத்தில். வீட்டில் நானும் குளிர்சாதனப் பெட்டியின் உறுமலும்தான். அந்தக் கதைகள் முடிந்ததும் கூடம் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

முகையிடம்தான் உண்மையாகப் பேச வேண்டியிருந்தது. மொட்டை மாடியில் துணி எடுக்க வந்தவளை மடக்கினேன்.

"உனக்குப் பையனைப் புடிச்சிருக்கா இல்லையா? அதைச் சொல்லு முதல்ல."

"புடிச்சிருக்கு அத்தை."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

அவள் ஒரு துண்டை மடித்தாள், உதறினாள், மறுபடி மடித்தாள்.

"அப்பா பயப்படுறது வேற. நான் பயப்படுறது வேற. கரூர்ல என்ன நினைப்பாங்கன்னு எனக்குக் கவலை இல்ல. சுவைஞர் சொல்றது நிஜமா இருந்தா? எனக்கே தெரியாத என்னை அதுக்குத் தெரிஞ்சிருந்தா? தினமும் என்னைத் தீவுல கொண்டுபோய் விட்டுச்சு. எனக்கும் அங்க நல்லாத்தான் இருந்துச்சு. நான் அப்படிப்பட்டவதான்னா, ஒருத்தரோட வாழ்க்கையைக் கெடுக்கறது தப்பில்லையா?"

"டப்பா சொல்லுதுன்னு வேணாம்னு சொல்லப்போறியா?"

"இதுவரைக்கும் அது தப்பா எதுவும் குடுத்ததில்லையே, அத்தை."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு பெண் தனக்கு எந்தப் படம் பிடிக்கும் என்பதை விட்டுக்கொடுத்தாள், சரி. எந்த மனிதரைப் பிடிக்கும் என்பதையும் சேர்த்து விட்டுக்கொடுக்கப் போகிறாளே. அன்று என் துணியை எடுக்காமலேயே இறங்கி வந்துவிட்டேன்.

ஐப்பசி வாக்கில் கரூரிலிருந்து பதில் வந்தது. பத்துப் பொருத்தத்தில் பத்தும் ரசனையில் கூடியிருக்கிறதாம். தரகர் தன் வாழ்நாளில் இப்படிப் பார்த்ததில்லையாம். பையனுக்கும் கல்யாண வீடு, கூட்டம், கலாட்டா என்றுதான் வருகிறதாம். தினேஷ்பாபு துள்ளினார். எனக்குத்தான் கொஞ்சம் இடித்தது. முப்பது வயசு இன்ஜினீயருக்கும் எனக்கும் பத்துப் பொருத்தமா?

ஆனால் பெண் பார்க்கும் சடங்கு மிச்சம் இருந்தது. இப்போது பஜ்ஜி சொஜ்ஜியோடு ஒரு படமும் உண்டு. இருவர் பட்டையையும் சேர்த்துப் பெட்டி ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கும். இரு குடும்பமும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பெட்டியின் நெற்றியில் இரண்டு சின்ன விளக்குகள். பெண்ணின் மனம் அசைந்தால் ஒன்று எரியும், பையனுக்கு அசைந்தால் மற்றொன்று. இரண்டும் சேர்ந்து எரிந்தால் தாம்பூலம் மாற்றலாம்.

"முகை கையில கட்டினா மாட்டிக்குவோம் தம்பி," என்றேன்.

"அவ கையில பழுதான பழைய பட்டை. நிஜப் பட்டை உங்க கையில. முழங்கைக்கு மேல ஏத்தி, நீளக் கை ரவிக்கை போட்டுட்டு, அவ பக்கத்துல உட்காருங்க."

ஆக, ஞாயிற்றுக்கிழமை காலையில், ஐப்பசி மழையின் புழுக்கத்தில், முழுக்கை ரவிக்கையோடு நான் உட்கார்ந்திருந்தேன். பில்டிங்கில் பாதிப் பேர் நாற்காலி கொடுக்கிற சாக்கில் வந்து அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கரூரிலிருந்து பையன், அவன் அம்மா லாவண்யா, பையனுக்கு அத்தை தேன்மொழி, இன்னும் சில தலைகள். லாவண்யா இஸ்திரி போட்ட மாதிரி இருந்தாள். தேன்மொழிக்கு என் வயசுதான் இருக்கும். வலது மணிக்கட்டில் துணிக் கட்டுப் போட்டிருந்தாள். "கையில என்ன?" என்று கேட்டேன். "சுளுக்குங்க" என்றாள். சொன்ன கையோடு அதே கையால் ஒரு தட்டு பஜ்ஜியைத் தூக்கி அடுத்தவர்களுக்கு நீட்டினாள். சுளுக்கு எனக்கு உறுத்தத்தான் செய்தது. அதற்குள் படம் ஆரம்பித்துவிட்டது.

என்ன படம் என்கிறீர்கள்! ஒரு தெருவில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரிகள் இரண்டு பேர். பதினைந்து வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. நடுச்சுவரில் ஒரு ஓட்டை. அது வழியாக ஒருத்தி வீட்டு ரகசியத்தை மற்றவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள், ஓட்டை இரண்டு பக்கமும் கேட்கும் என்பதை இருவருமே மறந்துவிட்டார்கள். வந்த காரியம் எனக்கு மறந்தே போனது. வாய்விட்டுச் சிரித்தேன். பெட்டியில் முதல் விளக்கு எரிந்தது. அதே நேரம் இரண்டாவதும் எரிந்தது.

லாவண்யா, தினேஷ்பாபுவின் பக்கம் சாய்ந்தாள். "பாருங்க சம்பந்தி, ரெண்டும் ஒண்ணா எரியுது."

சம்பந்தி என்று வாயில் வந்துவிட்டது. தினேஷ்பாபுவுக்குக் கண்ணே கலங்கியது.

ஓட்டையை அடைக்கக் கொத்தனார் வந்தபோது ஒருத்தி அவனைத் தடுத்து நிற்கிறாள். அந்த இடத்தில் நான் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டேன். இரண்டு விளக்கும் சேர்ந்து ஜொலித்தன. கூடமே கைதட்டியது. அப்போது மூன்றாம் மாடி ரகுவரன், வாயில் சொஜ்ஜியோடு, யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"அது சரி, பொண்ணும் மாப்பிள்ளையும் எங்க?"

எல்லோரும் திரும்பினோம். என் பக்கத்து இருக்கை காலி. எதிரே பையனின் இருக்கையும் காலி. கண்ணாடிக் கதவுக்கு அப்பால், பால்கனியில், இருவரும் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். முகை எதற்கோ கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள்.

கூடத்தில் இரண்டு விளக்கும் எரிந்துகொண்டே இருந்தன.

ரகுவரன் விடவில்லை. "அவங்க அங்க இருக்காங்க. அப்ப இங்க யாருக்கு எரியுது?"

லாவண்யாவின் பார்வை அறையைச் சுற்றி வந்து என் ரவிக்கைக் கையில் நின்றது. நான் ஒரு காரியம் செய்தேன். வேண்டுமென்றே செய்ததில்லை, கை தானாகப் போனது. புடவைத் தலைப்பை இழுத்து முழங்கையை மூடினேன். அதே நொடியில் எதிர் சோபாவில் தேன்மொழி தன் துணிக் கட்டை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். ஒருவரையொருவர் பார்த்தோம். அவ்வளவுதான், இருவருக்கும் விளங்கிவிட்டது.

"அண்ணி," என்றாள் லாவண்யா பல்லைக் கடித்து, "கட்டைப் பிரிங்க."

"பிரிக்கச் சொன்னதும் நீதான், கட்டச் சொன்னதும் நீதான். எதுன்னு முடிவு பண்ணு," என்றாள் தேன்மொழி.

தினேஷ்பாபு எழுந்தார். அவர் வாயிலிருந்து ஒரு சொல்கூட வராமல் நான் பார்த்தது அன்றுதான். முகம் வெளுத்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கல்யாணம் முடிந்தது, அதாவது நடக்காமலே முடிந்தது என்று நினைத்தேன். அந்தப் பெண் அன்றைக்குத் துண்டை மடித்து மடித்து உதறியது வேறு கண்ணில் வந்து நின்றது.

பால்கனிக் கதவைத் தள்ளிக்கொண்டு முகை உள்ளே வந்தாள். பின்னால் அகரன்.

"எல்லாத்தையும் அவர்கிட்ட சொல்லிட்டேன் அப்பா. பட்டை, அத்தை, தீவு, கலங்கரை விளக்கம் எல்லாம்."

"நானும் சொல்லிட்டேன் அம்மா," என்றான் அகரன். "முயலைப் பத்தி."

லாவண்யா தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

பால்கனியில் நடந்ததைப் பிற்பாடு முகையிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்தேன். இவள் தீவைப் பற்றிச் சொன்னதும் அவன் சிரித்தானாம். "எனக்கு வருஷம் பூரா முயல் குட்டிப் படம்தாங்க. முயல், கரடி, அது ரெண்டும் சேர்ந்து தோட்டம் போடும். முப்பது வயசு ஆம்பளைக்குக் குழந்தைப் படம் வருதுன்னு அம்மா அழுதுட்டாங்க. அதான் அத்தை கையில கட்டி விட்டாங்க."

"உங்களுக்கு முயல் அவ்வளவு புடிக்குமா?"

"அதைத்தாங்க நானும் ரொம்ப நாள் யோசிச்சேன். பகல் பூரா பாலத்துக்கு அடியில தொங்கிட்டு எங்க விரிசல், எங்க விரிசல்னு பார்க்குறேன். ஒண்ணை விட்டுட்டேன்னா மேல போறவங்க கதி என்ன? வீட்டுக்கு வந்தா எதுவும் விழாத, யாரும் சாகாத கதை வேணும். அந்தப் பெட்டி நான் யாருன்னு பார்க்கலீங்க. அன்னிக்கு எவ்வளவு களைச்சிருக்கேன்னு மட்டும்தான் பார்க்குது. நாமதான் அதைக் குணம்னு எடுத்துக்கிட்டோம்."

முகை கம்பியைப் பிடித்தபடி யோசித்தாளாம். "அப்ப எனக்கு வந்த தீவு?"

அவன் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தான். அங்கே தினேஷ்பாபு, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ரகுவரனுக்கு உறையூர்க் குழாய்த் தண்ணீரின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். கை ஆடுகிறது, தலை ஆடுகிறது, வாய் நிற்கவில்லை.

"உங்க வீட்டுல சாயங்காலம் இப்படித்தானுங்களா?" என்று அகரன் கேட்டான்.

"காலையிலயும்," என்றாளாம் முகை. அப்போதுதான் அந்தக் குலுங்கல். ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல், ஒரு மனுஷன் வாயாடி என்பதோடு கரைந்து போயிற்று. தனியாக வாழப் பிறந்தவள் இல்லை. கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருக்க ஆசைப்பட்டவள், அவ்வளவே.

கூடத்தில் இப்போது யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாத நிலை. ஒரு பக்கம் மட்டும் திருட்டுத்தனம் செய்திருந்தால் அன்று பெரிய ரகளை ஆகியிருக்கும். இரண்டு பக்கமும் செய்ததால் வெறும் அசடு வழிந்ததோடு போயிற்று. லாவண்யாதான் முதலில் சிரித்தாள், இஸ்திரி கலைந்தது. தினேஷ்பாபு பொத்தென்று உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். அதைக் கேட்டு ரகுவரனும் விட்டார்.

"எனக்குச் சம்மதம் அப்பா," என்றாள் முகை. "அவருக்கும். இந்தப் படத்தை நிறுத்திடலாமா? எங்க ரெண்டு பேருக்கும் இது புடிக்கவே இல்ல."

"நிறுத்தாதே!" என்று ஒரு குரல் கேட்டது. பார்த்தால் அது இரண்டு குரல். ஒன்று என்னுடையது.

தேன்மொழி எழுந்து வந்து, முகை விட்டுப்போன இடத்தில், என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஓட்டையை அடைக்குறாளா இல்லையான்னு பார்க்காம நான் எந்திரிக்க மாட்டேனுங்க," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க, அந்தச் சொஜ்ஜி தின்னுட்டுக் கேள்வி கேட்டவரு ஆருங்க? அவரு ஊட்டுக்காரம்மா ஏன் அந்தக் கடைசியில தனியா உட்கார்ந்திருக்குது?"

அடடா. எத்தனை வருஷமாயிற்று ஒருத்தி என்னிடம் இப்படிக் கேட்டு! படம் முடியும்வரை அதைச் சொன்னேன். தரகர் பார்த்த பொருத்தம் ஒன்றும் பொய்யில்லை. ஆளைத்தான் மாற்றிப் பார்த்துவிட்டார்.

தாம்பூலம் மாற்றினார்கள். சாப்பாடு ஆனதும் கரூர்க்காரர்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஸ்ரீரங்கம் பார்க்காமல் போவதா என்று கிளம்பினார்கள், தேன்மொழி என்னோடு நின்றுகொண்டாள். முகையும் அகரனும் மட்டும் சினிமாவுக்குப் போவதாகச் சொன்னார்கள். கொட்டகைக்கு.

"என்ன படம்மா?" என்றார் தினேஷ்பாபு.

"தெரியாதுப்பா. போய் வாசல்ல இருக்கிற படத்தைப் பார்த்து முடிவு பண்ணுவோம்."

"நல்லா இல்லேன்னா?" அவர் நிஜமாகவே பதறினார். பதறத்தானே செய்வார்? எங்களில் யாரும் நல்லா இல்லாத ஒன்றைப் பார்த்து எவ்வளவோ காலமாயிற்று.

"நல்லா இல்லேன்னா, நல்லா இல்லைன்னு பேசிக்கிட்டே வருவோம்," என்றாள் முகை. நிஜப் பட்டைகள் இரண்டும் மேசைமேல் பஜ்ஜித் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தன. அவற்றை யாரும் எடுக்கவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு நானும் தேன்மொழியும் வாசல் கேட்டில் நின்றோம். சும்மா நிற்கவில்லை, மூன்றாம் மாடியை முடித்து நாலாம் மாடிக்கு வந்திருந்தோம். முக்கில் இருவரும் வருவது தெரிந்தது. முகை கையை வீசி வீசிப் பேசுகிறாள். அவன் நடுரோட்டில் நின்று தலையை இல்லை இல்லை என்று ஆட்டுகிறான். ஐயோ, அதற்குள் சண்டையா என்று ஒரு கணம் பகீரென்றது. கிட்டே வந்த பிறகுதான் அவள் முகம் தெரிந்தது. அந்த மினுமினுப்பு எந்தப் பெட்டியும் கொடுத்ததில்லை.

"படு மோசம் அத்தை," என்றாள் சந்தோஷமாக.

"மோசம் இல்லீங்க," என்றான் அகரன். "அந்த வாத்தியாரு கடைசியில ஊருக்குத் திரும்பி வந்தது சரி."

"எப்படிச் சரி? அவளைக் காக்க வெச்சிட்டு இப்ப வந்து நிப்பானாம், இவ கதவைத் திறக்கணுமாம்!"

"அவதானே கடுதாசியைக் கிழிச்சா?"

"படிச்சிட்டுத்தான் கிழிச்சா!"

"படிக்கலீங்க!"

"படிச்சா!" அவள் என் கையைப் பிடித்தாள். "அத்தை, நீங்க ரெண்டு பேரும் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. யார் சொல்றது சரின்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

நான் தேன்மொழியைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"கரூருக்கு நான் காலையில பஸ்ல போய்க்கிறேன்னு உங்கம்மாகிட்டச் சொல்லிடு சாமி," என்றாள் அகரனிடம். என் பக்கம் திரும்பினாள். "வாங்க, அடுத்த ஆட்டம் தொடங்கிடப் போவுது."